1125 கர்க்கடகத்தில் பாட்டி எங்கே இருந்தார்?

மூணாறு, வண்டிப்பெரியாறு, சித்தூர், கொழிஞ்சாம்பாறை என்று கேரள-தமிழ்நாட்டு எல்லையோரத்து வில்லேஜ் ஆபீஸ் எதுவானாலும், மே, ஜூன் மாதங்களில் ஒரே கேள்விதான் ஓடிக்கொண்டிருக்கும். “1950-க்கு முன்னாடியே இங்க இருந்தீங்கன்னு காட்ட என்ன பேப்பர் இருக்கு?” பிளஸ் டூ முடித்த மகளைக் கூட்டிக்கொண்டு வந்த தோட்டத் தொழிலாளி, “சார், எங்கப்பாவே இந்த லயத்துலதான் (எஸ்டேட் வரிசை வீடு) பொறந்தாரு” என்பார். “அது சரி அண்ணே, பேப்பர் வேணும்ல?” என்று மறுபடி கேட்பார்கள். பேச்சு அதோடு நின்றுவிடும்.

கேரளத்தில் பட்டியல் சாதியினருக்கு அரசு வேலையில் 8 சதவீதம் உண்டு. கல்லூரியில் இடம், உதவித்தொகை, ஹாஸ்டல், வீட்டு மானியம் எல்லாம் உண்டு. அத்தனைக்கும் வாசல் ஒன்றுதான்: தாசில்தார் தரும் சாதிச் சான்று. எல்லையோரத்துத் தமிழ்த் தலித் குடும்பங்கள் பல இந்த வாசலைத் தாண்ட முடியாமல் நிற்கின்றன. அதனால் இடஒதுக்கீடு வேண்டுமா வேண்டாமா என்ற பழைய வாதத்துக்குள் போகாமல், அந்த ஒரு தாள் எங்கே முட்டுகிறது, ஏன் முட்டுகிறது, எப்படி நகர்த்துவது என்று மட்டும் பார்ப்போம்.

முதலில் அந்தத் தேதி. அரசமைப்புச் சட்டத்தின் 341-ஆவது பிரிவு, பட்டியல் சாதிகளை மாநிலவாரியாகத்தான் அறிவிக்கச் சொல்கிறது. அதன்படி குடியரசுத் தலைவரின் ஆணை வந்தது 1950 ஆகஸ்ட் 10-ஆம் தேதி. கேரளத்தின் பழைய கொல்லம் ஆண்டுக்கணக்கில் அது 1125 கர்க்கடக மாதம். அன்றைக்கு ஒரு குடும்பம் நிலையாகக் குடியிருந்தது எந்த மாநிலமோ, அந்த மாநிலத்துப் பட்டியல்தான் அந்தக் குடும்பத்துக்கு. பிறகு பிறந்தவர்களுக்கு, பெற்றோரோ அவர்களுக்கு முந்தியவர்களோ அன்று எங்கே இருந்தார்கள் என்று பார்ப்பார்கள். மத்திய உள்துறை 1977-இல் அனுப்பிய சுற்றறிக்கையும் இதைத்தான் சொல்கிறது. மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் 1990-இலும், பீர் சிங் வழக்கில் 2018-இலும் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வுகள் இதை உறுதிசெய்துவிட்டன. ஒரு மாநிலத்துப் பட்டியல் சாதிக்காரர் இன்னொரு மாநிலத்துக்குக் குடிபோனால், போன இடத்து மாநில இடஒதுக்கீட்டில் அவருக்குப் பங்கில்லை.

நீதிமன்றத்தின் காரணம் எளிதில் தள்ளிவிடக்கூடியதல்ல. ஒரு சாதி எவ்வளவு ஒடுக்கப்பட்டது என்பது ஊருக்கு ஊர் மாறும். ஓர் ஊரில் அனுபவித்த கொடுமைக்கு இன்னோர் ஊரின் இடத்தில் பங்கு கேட்கக் கூடாது என்பது அதன் சாரம். மருத்துவக் கல்லூரி இடத்துக்காக மும்பை போன மாணவருக்கு அது பொருந்தலாம். கங்காணி கொடுத்த முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு, திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் மலையேறி, எட்டுக்குப் பத்து லயத்தில் மூன்று தலைமுறை கழித்தவர்களுக்கு எப்படிப் பொருந்தும்? பறையர், பள்ளர், சக்கிலியர் என்பதால்தான் அவர்களை அந்த வேலைக்கு ஆள்பிடித்தார்கள். சாதி அவர்களோடு சேர்ந்தேதான் மலையேறியது. அதற்கான நிவாரணம் மட்டும் போடிமெட்டு செக்போஸ்டில் நிற்கிறது.

இந்தத் தேதி எவ்வளவு தூரம் துரத்தும் என்பதற்குத் தேவிகுளம் தனித்தொகுதியே சாட்சி. 2021-இல் அங்கே வென்ற சட்டமன்ற உறுப்பினரின் தேர்தலைக் கேரள உயர்நீதிமன்றம் 2023 மார்ச்சில் செல்லாது என்றது. அவர் இந்துப் பறையரா, கிறிஸ்தவரா என்பது ஒரு கேள்வி. குடும்பம் 1950 ஆணைக்கு முன்பே திருவிதாங்கூருக்கு வந்துவிட்டதா என்பது இன்னொன்று. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்துசெய்து அவர் வெற்றியை நிலைநிறுத்தியது. ஒரு எம்.எல்.ஏ. மூத்த வழக்கறிஞர்களை வைத்து டெல்லி வரை போய் நிறுவ வேண்டியிருந்த விஷயத்தைக் கொழுந்து பறிப்பவரின் மகள் கவுன்சலிங் தேதிக்குள் நிறுவ வேண்டியிருக்கிறது.

காகிதம் ஏன் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் காகிதம் நிலத்தோடு வருவது. கேரளத்தின் புகழ்பெற்ற நிலச்சீர்திருத்தம் 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்து, குடிகிடப்புக்காரர்களுக்கு (பிறர் நிலத்தில் குடிசை போட்டு இருந்தவர்களுக்கு) பஞ்சாயத்துப் பகுதியில் 10 சென்ட் வரை உரிமை கொடுத்தது. அதன் வழியே அவர்கள் கைக்குப் பட்டாவும் வரிச்சீட்டும் வந்தன. தோட்டங்களுக்கு அந்தச் சட்டத்தின் நில உச்சவரம்பிலிருந்து விலக்கு. லயம் கம்பெனியுடையது, வேலையிலிருந்து ஓய்வுபெற்றால், பிள்ளைகளில் யாரும் தோட்ட வேலையில் இல்லையென்றால், வீட்டைக் காலிசெய்ய வேண்டும். நிலம் கொடுக்காத அரசே பிறகு நிலம் வைத்திருப்பவரிடம் கேட்கும் ஆவணத்தை இவர்களிடமும் கேட்கிறது. இதில் இருக்கும் அநீதியைப் பார்க்காமல் ‘ஆவணக் குறைபாடு’ என்று கோப்பில் எழுதுவது மனதை உறுத்தும் விஷயம்.

இனி காரியத்துக்கு வருவோம். உங்கள் ஊர் 1950-இல் யார் கையில் இருந்தது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தேவிகுளமும் பீர்மேடும் பழைய திருவிதாங்கூர். சித்தூர் பழைய கொச்சி. இவை இரண்டும் சேர்ந்தது 1950-இன் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். பாலக்காடோ மலபார் ஜில்லா, அதாவது மதராஸ் மாநிலம். 1956 நவம்பர் 1-க்குப் பிறகுதான் எல்லாம் கேரளம். இது வெறும் வரலாறு இல்லை. பழைய பதிவேடு எந்த ஊரில் கிடக்கிறது என்பதை இதுதான் தீர்மானிக்கும். கேரள ஆவணக்காப்பகத்தில் திருவிதாங்கூர்ப் பதிவுகளுக்குத் திருவனந்தபுரம், கொச்சிப் பதிவுகளுக்கு எர்ணாகுளம், மலபாருக்குக் கோழிக்கோடு. மதராஸ் அரசின் பதிவுகள் சிலவற்றுக்குச் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகம் வரை போக நேரிடும்.

அடுத்து ஆண்டுக்கணக்கு. திருவிதாங்கூர், கொச்சிப் பழைய பதிவேடுகளில் கொல்லம் ஆண்டுதான் இருக்கும். சிங்கம் (நம் ஆவணி) தொடங்கி டிசம்பர் வரையான தேதிக்கு 824-ஐக் கூட்டுங்கள். ஜனவரியிலிருந்து கர்க்கடகம் (நம் ஆடி) முடியும் வரையான தேதிக்கு 825. அப்படிப் பார்த்தால் 1950 ஆகஸ்ட் 10 என்பது 1125 கர்க்கடகம் முடியச் சில நாள் இருக்கும்போது. ஆக 1125-இல் பதிவான எதுவும், அந்தக் கடைசிச் சில நாட்கள் தவிர, உங்களுக்குச் சாதகம். 1126 என்று இருந்தால் தேதி தாண்டிவிட்டது. 825-ஐ எல்லா மாதத்துக்கும் ஒரேயடியாகக் கூட்டி, 1125 சிங்க மாதத்துப் பதிவை 1950 ஆகஸ்ட் பிற்பகுதி என்று கணக்கிட்டு மறுத்துவிடுவது நடக்கக்கூடிய பிழை. அது உண்மையில் 1949 ஆகஸ்ட். விண்ணப்பத்தோடு ஆங்கிலத் தேதியை நீங்களே கணக்கிட்டு ஒரு வரி எழுதி இணைத்துவிடுங்கள்.

பெரியவர்களுக்கு ஆண்டு நினைவிருக்காது, நிகழ்ச்சி நினைவிருக்கும். மூணாற்றில் ‘99-இன் வெள்ளம்’ என்றால் கொல்லம் 1099, அதாவது 1924. குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிய ரயிலையே அடித்துக்கொண்டு போன வெள்ளம் அது. “எங்கம்மா வெள்ளத்துக்கு முந்தி வந்தவுக” என்று பாட்டி சொன்னால், அந்த ஒரு வாக்கியத்தில் உங்கள் தேடலுக்கு ஆண்டு கிடைத்துவிட்டது. அதை ஆதாரமாக ஏற்க மாட்டார்கள். ஆனால் எந்த எஸ்டேட்டின் எந்த டிவிசனில், எந்தப் பத்தாண்டின் பதிவேட்டைப் புரட்டுவது என்று அது சொல்லிக்கொடுக்கும்.

ஆதாரங்களில் வலுவானது பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு. அதன் ஒரு பக்கத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். வரிசை எண், சேர்ந்த தேதி, பெயர், பிறந்த தேதி, தகப்பன் பெயர், வீடு, மதமும் சாதியும், முன்பு படித்த பள்ளி, சேர்ந்த வகுப்பு என்று கட்டங்கள் ஓடும். தாத்தாவின் தம்பி 1949 ஜூனில் எஸ்டேட் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்தால் வேலை முடிந்தது. சேர்ந்தது 1951 ஜூன் என்றிருந்தால் பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். சேர்ந்த வகுப்பு மூன்று என்றால், ‘முன்பு படித்த பள்ளி’ கட்டத்தைப் பாருங்கள். அங்கே பக்கத்து டிவிசன் பள்ளியின் பெயர் இருந்தால், அந்தப் பள்ளியின் 1949 பதிவேட்டில் அதே பிள்ளை இருக்கும். நேர்வாரிசாகவே இருக்க வேண்டும் என்பதில்லை, தாத்தாவின் உடன்பிறந்தவர் பதிவும் உதவும். ஆனால் இருவரும் ஒரே தகப்பன் பிள்ளைகள் என்பதற்கு வேறொரு தாள் வேண்டும். இந்தக் கண்ணி விட்டுப்போவதால் திரும்பி வரும் விண்ணப்பங்கள் உண்டு.

முதல் பொதுத்தேர்தலுக்குத் தயாரித்த வாக்காளர் பட்டியல் அடுத்தது. அதற்குத் தகுதித் தேதி 1950 மார்ச் 1. பாட்டன் பெயர் அதில் இருந்தால், ஆணை வருவதற்கு முன்பே அவர் இந்தப் பக்கம்தான் வாழ்ந்தார் என்பதற்கு அதைவிட நேரான சாட்சி கிடைப்பது அரிது.

பிறகு எஸ்டேட் ஆவணங்கள். செக்ரோல் (தொழிலாளர் வருகை, கூலிப் பதிவேடு) இருந்தால் நல்லது; பல தோட்டங்களில் கைமாறிக் கைமாறிப் போய்விட்டது. பி.எஃப். தாளை எடுத்துக்கொண்டு ஓடுபவர்கள், பி.எஃப். தொடங்கிய ஆண்டைப் பார்த்துச் சோர்ந்துவிடுகிறார்கள். அந்தச் சட்டமே 1952-இல் வந்தது, அதற்கு முந்தைய தேதி அதில் எப்படி இருக்கும்? பார்க்க வேண்டியது கிராஜுவிட்டி (பணிக்கொடை) தாளை. 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி கிராஜுவிட்டி என்பது ஆண்டுக்கு 15 நாள் கூலி வீதம், மொத்தச் சேவைக்கும். சேர்ந்த தேதி எழுதாமல் தொகை மட்டும் இருந்தாலும், தொகையைக் கடைசி நாள்கூலியின் 15 மடங்கால் வகுத்தால் சேவை ஆண்டுகள் கிடைக்கும். 1980-இல் ஓய்வுபெற்றவருக்கு 33 ஆண்டு வந்தால், அவர் 1947 வாக்கிலேயே பிரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) நின்றவர். மிக நீண்ட சேவைக்கு உச்சவரம்பு இருந்ததால் கணக்கு ஆண்டைக் குறைத்தும் காட்டலாம். தனியார் எஸ்டேட்டிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் நேரடியாகக் கேட்க முடியாது. ஆனால் பி.எஃப். அலுவலகத்திடமும் தோட்டத் தொழிலாளர் ஆய்வுத் துறையிடமும், அரசுப் பள்ளியிடமும் கேட்கலாம். பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாள் கெடு. வறுமைக்கோட்டுக்குக் கீழே என்றால் கட்டணமும் இல்லை. விண்ணப்பம் மார்ச்சிலேயே போய்விட வேண்டும். ரிசல்ட் வந்தபின் போட்டால் பதில் வருவதற்குள் அட்மிஷன் முடிந்துவிடும்.

இனி, காகிதம் இருந்தும் தோற்கும் இடம். சாதிக் கட்டத்தில் ‘தமிழன்’ என்றோ ‘இந்துத் தமிழ்’ என்றோ எழுதிவைத்த பள்ளிகள் உண்டு. எழுதியவருக்கு அது சாதாரணம். மூன்றாம் தலைமுறைக்கு அது ஒரு சுவர். அண்ணனுக்கு ஆதி திராவிடர், தம்பிக்குப் பறையர் என்று இருப்பது இன்னொரு வகை. கேரளப் பட்டியலில் இவை இரண்டும் வேறுவேறு பதிவுகள். சக்கிலியன், அருந்ததியர் என்பவையும் அப்படியே. ஒரே வீட்டில் இரண்டு பெயர் வந்தால் விசாரணை அங்கேயே நிற்கும். தேவேந்திரகுல வேளாளர் பெயர் இன்னும் நுட்பமானது. 2021-இல் நாடாளுமன்றம் பள்ளர், குடும்பர், பண்ணாடி உள்ளிட்ட ஏழு பெயர்களை அந்த ஒரே பெயருக்குக் கீழே கொண்டுவந்தது. அது தமிழ்நாட்டுப் பட்டியலுக்கு மட்டும். கேரளப் பட்டியலில் பள்ளன் என்ற பெயர்தான். போடியில் இருக்கும் சித்தப்பா மகனின் புதிய சான்றைப் பார்த்து ஆசையாகப் பிள்ளைக்கும் அதையே எழுதிவிட்டால், இந்தப் பக்கம் அந்தப் பெயருக்குப் பட்டியலில் இடமே இல்லை. பெயரின் கௌரவம் நியாயமானது, அதற்காகப் பட்ட பாடும் பெரியது. என்றாலும் விண்ணப்பத்தில் பட்டியலில் உள்ள சொல்லைத்தான் எழுத வேண்டும்.

கிறிஸ்தவப் பெயர் வைத்தவர்களுக்குத் தனிச் சிக்கல். 1950 ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவரை மட்டுமே பட்டியல் சாதியாக ஏற்கிறது. சீக்கியர் 1956-இலும் பௌத்தர் 1990-இலும் சேர்க்கப்பட்டார்கள். ஜெயராஜ் என்றோ ஸ்டெல்லா என்றோ பெயர் இருப்பதால் மட்டும் ஒருவர் மதம் மாறியவர் ஆகிவிட மாட்டார்; தேயிலைக் காட்டில் அப்படிப்பட்ட பெயர்கள் சாதாரணம். ஆனால் ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் இருந்தால் கதை வேறு. தாய்மதம் திரும்பியவர்களுக்கு 2015-இல் கே.பி. மனு வழக்கில், கேரளத்திலிருந்தே போன வழக்கு அது, உச்ச நீதிமன்றம் மூன்றைக் கேட்டது: முன்னோர் அந்தச் சாதிதான் என்ற ஆதாரம், திரும்பியதற்கான ஆதாரம், அந்தச் சமூகம் ஏற்றுக்கொண்டதற்கான ஆதாரம். வேலைக்காக மட்டும் இந்து என்று சொல்லிக்கொள்வதை அதே நீதிமன்றம் 2024 நவம்பரில் செல்வராணி வழக்கில் கடுமையாக மறுத்தது. மதம் மாறிய தலித்துகளுக்குக் கேரளத்தில் வேறு தலைப்பில் கல்விச் சலுகையும் சிறிய வேலை ஒதுக்கீடும் உண்டு. பொய் சொல்லிச் சிக்கிக்கொள்வதைவிட அதைக் கேட்டுப் பெறுவது பிள்ளைக்குப் பாதுகாப்பு.

1950-க்குப் பிறகு வந்த குடும்பம் என்றால்? உங்கள் சான்று தமிழ்நாட்டுச் சான்று. அப்பாவோ தாத்தாவோ பிறந்த ஊரின் தாசில்தாரிடம் அதை வாங்குங்கள். அதைக் காட்டினால், 1982-ஆம் ஆண்டு மத்தியச் சுற்றறிக்கைப்படி கேரளத் தாசில்தாரும் ‘குடிபெயர்ந்தவர்’ என்ற வடிவில் ஒரு சான்று தரலாம். ரயில்வே, வங்கி, யு.பி.எஸ்.சி., மத்தியப் பல்கலைக்கழகம், நீட் அகில இந்திய ஒதுக்கீடு எல்லாவற்றுக்கும் இது செல்லும். கேரள பி.எஸ்.சி.க்கும் மாநிலத்து இடங்களுக்கும் செல்லாது. தமிழ்நாட்டில் 18 சதவீதமும், அருந்ததியர் என்றால் 2009 முதல் அதற்குள் 3 சதவீத முன்னுரிமையும் உண்டு. ஆனால் தமிழ்நாட்டுச் சேர்க்கைக்கு இருப்பிடச் சான்றும் கேட்பார்கள். மூணாற்றில் பிறந்து வளர்ந்த பிள்ளையிடம் அது ஏது? இரண்டு மாநிலமும் ‘அந்தப் பக்கம் போ’ என்று கைகாட்டும் பிள்ளைகள் இவர்கள்தான். பொள்ளாச்சியிலிருந்து சித்தூருக்கு வாழ்க்கைப்பட்ட பெண்ணுக்கும் இதே நிலை. கல்யாணத்தால் பட்டியல் மாறாது என்று ரஞ்சனா குமாரி வழக்கில் 2018-இல் தீர்ப்பாகிவிட்டது. அவள் பிள்ளைகளுக்குப் பொதுவாகத் தகப்பன் வழியைப் பார்ப்பார்கள்.

மறுத்தால் எழுத்தில் வாங்குங்கள். “இன்னும் ஏதாவது கொண்டு வாங்க” என்று வாயால் சொல்லி அனுப்புவது மறுப்பு அல்ல, அதன் மேல் எந்த முறையீடும் நிற்காது. மனுவைத் தமிழிலேயே கொடுக்கலாம். கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969 தமிழ், கன்னடச் சிறுபான்மையினருக்கு அந்த உரிமையைத் தருகிறது. மலையாளத்தில் யாரோ எழுதிக்கொடுத்ததில் சாதிப் பெயரும் ஊர்ப் பெயரும் திரிந்துபோய், பிறகு திருத்த அலைவதைவிட இது மேல்.

கேரளத்தின் 1996-ஆம் ஆண்டுச் சாதிச் சான்றுச் சட்டம், நிரூபிக்கும் பொறுப்பை விண்ணப்பிப்பவர் தலையில் வைக்கிறது. போலிச் சான்றுகளைத் தடுக்க வந்த சட்டம், அந்தப் பயத்துக்குக் காரணமும் இருந்தது. தண்டான் என்ற பெயரை வைத்து எழுந்த குழப்பம் பல ஆண்டு ஓடியது. ஆனால் அதை முடித்தது எது? 2007-இல் நாடாளுமன்றம் பட்டியலின் அந்தப் பதிவையே திருத்தி, பழைய கொச்சி, மலபார்ப் பகுதிகளில் தண்டான் எனப்படும் ஈழவர், தீயர்களை விலக்கியது. ஒவ்வொரு குடும்பத்தையும் அலையவிட்டு முடிக்கவில்லை. அதே வழியைத் தோட்டத் தொழிலாளர்களுக்கும் எடுக்கலாம். கம்பெனிகளிடம் மிஞ்சியிருக்கும் 1950-க்கு முந்தைய செக்ரோல்களை அரசு கேட்டு வாங்கி ஆவணக்காப்பகத்தில் சேர்த்து, பெயர்வாரியாகத் தேடக் கொடுக்கட்டும். அக்காவுக்கு விசாரித்துக் கொடுத்த சான்று இருக்கும்போது தங்கைக்கு மறுபடி முதலிலிருந்து விசாரணை வேண்டியதில்லை. குடும்பவாரியாகக் கோப்பு வைத்தால் போதும். இதற்கெல்லாம் புதிய சட்டமே தேவையில்லை. 1950-க்குப் பின் வந்தவர்களுக்கு மட்டும் நாடாளுமன்றம்தான் வழிசெய்ய வேண்டும்.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியது: கிடைத்த ஒவ்வொரு தாளுக்கும் சான்றிட்ட நகல் இரண்டு எடுத்து, ஒன்றை லயத்துக்கு வெளியே, கீழே ஊரில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் வையுங்கள். போனில் படமெடுத்தும் வையுங்கள். லயத்து டிரங்குப்பெட்டி லயத்தோடு போகும். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் 70 பேரைக் கொண்டுபோன மண்சரிவு அதைக் காட்டிவிட்டது.

ஜூன் மாதம் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போகும்போது, பதிவேட்டில் டீச்சர் எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள். மதம், சாதி கட்டத்தை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அப்பாவின் சான்றில் இருக்கும் அதே சொல், அதே எழுத்தில் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மாறியிருந்தால் அன்றைக்கே திருத்தச் சொல்லலாம். பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் ஏறிவிட்டால் அதற்குப் பிறகு தேர்வுத் துறை அலுவலகமான பரீட்சை பவன் வரை அலைய வேண்டும்.